குடை தரவா, உடன் வரவா: ஒரு காதல் பாட்டைக் கட்டும் விதம்

என் வீட்டு மூலையில் மூன்று நாட்களாக ஒரு குடை நின்றுகொண்டிருந்தது. என்னுடையது அல்ல. இரவல் வாங்கியது, திருப்பித் தர வேண்டும். கொடுக்கக் கிளம்பிய அன்று பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அதே குடையை விரித்துக்கொண்டு போய் அந்த வாசலில் நின்றேன். உள்ளே இருந்தவரும் வெளியே கிளம்பத் தயாராக நின்றார். குடையைக் கொடுத்தால் நான் நனைவேன். கொடுக்காவிட்டால் வந்த காரியம் முடியாது. இரண்டுக்கும் நடுவே, சொல்லத் துணிவு வராத மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அந்த அரை நிமிடத் தயக்கம்தான் பின்னால் மூன்று நிமிடம் பத்து விநாடி நீளமுள்ள காதல் பாட்டாயிற்று.

பதினாறு ஆண்டுகளாகப் பாட்டெழுதி மெட்டமைத்து வருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் மென்பொருளைப் பற்றியும் மைக்கைப் பற்றியும்தான். அவற்றையும் சொல்கிறேன். ஆனால் நேரம் முழுவதையும் அவற்றில் செலவழிக்காதீர்கள். பாட்டு பிழைப்பதும் சாவதும் அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தக் குடைப் பாட்டையே எடுத்துக்கொண்டு, அதை எப்படிக் கட்டினேன் என்று சொல்கிறேன். அதன் ஒவ்வொரு எழுத்தும் எனக்கு நினைவிருக்கிறது.

முதலில்: யார், யாரிடம், எப்போது?

திரைப்படத்துக்கு எழுதும்போது சூழலை இயக்குநர் சொல்லிவிடுவார். தனிப்பாடலில் அதைச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் பல தனிப்பாடல்கள் சூழலே இல்லாமல் பிறக்கின்றன. நிலவு வரும், உயிர் வரும், இதயம் வரும், சுவாசம் வரும். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

சங்க இலக்கியத்தில் காதலைப் பாடும் நம் அகப்பாடல்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ என்று ஒரு குறிப்பு நிற்கும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த வேளையில் சொன்னது என்பது முடிவான பிறகுதான் உவமையும் அணியும். காதல் பாட்டு எழுத உட்காருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை. தாளின் தலைப்பில் ஒரு கூற்றுக் குறிப்பு எழுதுங்கள். என்னுடையது இது: ‘இரவல் குடையைத் திருப்பித் தர வந்தவர், வாசலில் நின்று, மழை தூறும்போது, குடைக்கு உரியவரிடம் சொல்ல நினைத்தது.’ ‘சொன்னது’ என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டு ‘சொல்ல நினைத்தது’ என்று மாற்றிய பிறகுதான் பாட்டு வந்தது.

அகப்பாடல்களில் இன்னொரு மரபும் உண்டு. காதலர் இருவரில் யாருடைய இயற்பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். பாப் பாட்டுக்கும் இதையே நான் விதியாக வைத்திருக்கிறேன். பெயர் வந்துவிட்டால் அது அந்தப் பெயருக்கு உரியவரின் பாட்டு. பெயர் இல்லாதபோது கேட்பவர் உள்ளே நுழைய ஓர் இடம் கிடைக்கிறது. சூழல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஆள் எவ்வளவு திறந்திருக்கிறாரோ அவ்வளவு நல்லது. குடை யாருடைய குடையாகவும் இருக்கட்டும், ஆனால் குடையாகவே இருக்கட்டும்.

தமிழ் இதற்கு ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. ‘நான் வந்தேன்’, ‘நீ வந்தாய்’ என்பவற்றில் ஆண், பெண் தெரிவதில்லை. ‘அவன்’, ‘அவள்’ வந்தால்தான் தெரிகிறது. தன்மையிலும் முன்னிலையிலும் மட்டும் எழுதிய பாட்டை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் பாடலாம். ‘டா’, ‘டி’ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தாலே பாட்டு கேட்க வருபவர்களில் பாதிப்பேருக்குக் கதவு சாத்தப்படுகிறது. வேண்டுமென்றே சேர்த்தால் சரி. பழக்கத்தில் வந்து விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

பல்லவி

ஒரு மாலை முழுவதும் தன்னானே போட்டுப் பார்த்தேன். கையில் பேனா இல்லை, கைப்பேசியில் ஒலிப்பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லைத் தேடாமல் தத்தகாரத்தில் முனகுவதில் ஒரு நன்மை உண்டு. வாய் தானாகப் போக விரும்பும் சந்தம் வெளியே வந்துவிடும். அன்று திரும்பத் திரும்ப வந்தது ‘தன தனனா, தனந் தனனா’. அதில் உட்கார்ந்த சொற்கள்:

குடை தரவா, உடன் வரவா,
கதவு திறக்கும்முன் மழை விடுமா

எதுகைக்காக நான் அலையவில்லை. குடை, உடன் இரண்டிலும் டகரம் இரண்டாம் எழுத்தாகத் தானே வந்து நின்றது. ஆனால் இந்த வரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எதுகையும் அல்ல. இதில் ‘நீ’ இல்லை, ‘நீங்கள்’ இல்லை. ஒருவரை எப்படி விளிப்பது என்று உறுதியாகத் தெரியாதபோது நாம் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டுப் பேசுவோம். அந்தத் தவிர்ப்பிலேயே ஒரு காதல் கதை இருக்கிறது. பாட்டு முழுவதும் ‘நீ’ வராமல் வைத்து, கடைசியில் ஒரே ஒரு முறை கொண்டுவருவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

பல்லவிக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். மெட்டு இல்லாமல் அதைப் பேசிப் பாருங்கள். வாயில் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாரிடமும் சொல்லாத வாக்கியமாக இருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

குறிலை இழுக்காதீர்கள்

இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

முதல் மெட்டில் பல்லவியின் முதல் சுரத்தை நீட்டியிருந்தேன். கீபோர்டில் வாசித்தபோது மிக அழகாக இருந்தது. பாடகி பாடினார், டெமோ எடுத்தோம், நான்கு நண்பர்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ‘யார் கூடை விற்கிறார்கள்?’ குகரத்தை நீட்டியதும் குடை கூடையாகிவிட்டிருந்தது. எனக்கு வரி தெரியும் என்பதால் என் காதில் குடையாகவே விழுந்துகொண்டிருந்தது. வரி தெரியாதவர்களுக்குக் கேட்டது கூடை.

தமிழில் குறிலும் நெடிலும் வெறும் ஓசை வேறுபாடு அல்ல, பொருள் வேறுபாடு. கல் நீண்டால் கால், படு நீண்டால் பாடு, விடு நீண்டால் வீடு, தடை நீண்டால் தாடை. எனவே மெட்டில் நீண்ட சுரம் விழும் இடத்தில் நெடிலோ, மெய்யில் முடியும் அசையோ இருக்கட்டும். மெய்யில் முடிந்தால் இழுப்பை அந்த மெய்யின் மேல் ஏற்றலாம். ‘உடன்’ என்பதில் னகரத்தின் மேல் ரீங்காரமாக நிற்க முடியும். ககரம், டகரம், பகரம் போன்ற வல்லின மெய்யில் அப்படி நிற்க முடியாது, ஓசை அடைத்துக்கொள்ளும்.

ஐகாரத்தைப் பற்றி ஒரு சொல். ‘டை’ எழுத்தில் நெடில்தான், ஆனால் சொல்லின் இறுதியில் அது குறுகி ஒலிக்கிறது. அதை ஐகாரக் குறுக்கம் என்று பள்ளியில் படித்திருப்போம். குடை என்பதைத் ‘தன’ என்றே கணக்கிட வேண்டும், ‘தனா’ என்று அல்ல. கண்ணால் எழுத்தை எண்ணாமல் காதால் எண்ணுங்கள்.

மெட்டை மாற்றினேன். ‘குடை தர’ வரை குறுகிய சுரங்களில் ஓடி, ‘வா’ என்ற இடத்தில் ஏறி நிற்கும்படி அமைத்தேன். இதில் வேறு இரண்டு லாபங்களும் சேர்ந்தன. ஆகாரம் வாயை முழுதாகத் திறக்கும் ஒலி, உச்ச சுரத்தில் நிற்க அதைவிட வசதியானது இல்லை. இகரத்திலும் உகரத்திலும் மேலே போனால் தொண்டை இறுகும். இன்னொன்று, தமிழில் ‘தரவா?’ என்று கேட்கும்போது குரல் இயல்பாகவே கடைசியில் மேலே போகிறது. மெட்டும் அதே திசையில் போனால் பாட்டு பேச்சைப் போல ஒலிக்கும். கேள்வியைக் கீழே இறங்கும் சுரத்தில் வைத்துப் பாருங்கள், சலிப்போடு கேட்பது போல இருக்கும்.

கேள்விக்கு ஏற்ற கார்ட்

பாப் பாட்டில் கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, எளிமையாக அமைவதில் குறையே இல்லை. ஒரு கட்டை சுருதியில், அதாவது சி மேஜரில், சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நான்கு கார்ட்களுக்குள்தான் இந்தப் பாட்டு முழுவதும் நடக்கிறது. எதை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் வேலை. பல்லவியை எஃப் கார்டில் தொடங்கி ஜி கார்டில் நிறுத்தினேன். ஜி என்பது இங்கே பஞ்சமத்தின், அதாவது ‘ப’ சுரத்தின், மேல் நிற்கும் கார்ட். அது தன் வீடான ஆதார ஷட்ஜத்துக்கு, அதாவது சி கார்டுக்கு, திரும்பத் துடித்துக்கொண்டே இருக்கும். கேள்விக்குப் பதில் வராதவரை நானும் அதை வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று முறை பல்லவி வருகிறது, மூன்று முறையும் அது ஜியிலேயே தொங்கி நிற்கிறது.

சரணத்தில் புதிய செய்தி வேண்டும்

பல்லவி சொன்னதையே சரணமும் வேறு சொற்களில் சொன்னால் கேட்பவர் கை அடுத்த பாட்டுக்குப் போய்விடும். முதல் சரணம் இப்படித் தொடங்குகிறது:

மூன்று நாளாய் மூலையில் நின்றது,
காய்ந்த பின்னும் மழை வாசம்

குடை மூன்று நாள் அங்கே நின்றது என்பது செய்தி. ஏன் மறுநாளே திருப்பித் தரவில்லை என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்வார். ‘உன் நினைவாகவே இருந்தேன்’ என்று எழுதத் தேவையில்லை. குறுந்தொகையின் 41ஆம் பாடலில் தலைவி தன் தனிமையைச் சொல்ல, மக்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுவதைக் காட்டுகிறாள். எழுதியவரின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை, ‘அணிலாடு முன்றிலார்’ என்றே அவரை அழைக்கிறோம். பொருளைக் காட்டினால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் சரணத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. வானவில், தூறல், ஜன்னல் என்று எழுதிக் குவித்தவற்றை எல்லாம் கிழித்தேன். அவை எந்த மழைப் பாட்டிலும் இருக்கக் கூடியவை. பிறகு அந்தக் குடையையே மனதில் திருப்பிப் பார்த்தபோது கிடைத்தது:

ஒற்றைக் கம்பி வளைந்ததென் பிழையோ,
காற்றின் பிழையென்று சொல்வேனோ

இரவல் வாங்கிய பொருளைப் பழுதாக்கிய குற்ற உணர்வு, பொய் சொல்லலாமா என்ற யோசனை. இதில் காதல் என்ற சொல் இல்லை. ஆனால் ஒரு குடைக் கம்பிக்காக இவ்வளவு தவிப்பவரின் மனம் தெரிகிறது. சரணத்தில் தேங்கி நின்றால் வெளியே உவமை தேடாதீர்கள், கையில் இருக்கும் பொருளை இன்னும் அருகில் போய்ப் பாருங்கள்.

முடிவு வரி: ‘நனைந்தால் என்ன, நீ வா.’ ‘நீ’ முதன்முறையாக வருகிறது. அதுவரை ‘தரவா’, ‘வரவா’ என்று கேள்வியாக இருந்த ‘வா’, அதே உச்ச சுரத்தில் நின்றுகொண்டு அழைப்பாக மாறுகிறது. அந்த ஓர் இடத்தில்தான் கார்ட் சிக்கு, வீட்டுக்கு, வந்து சேர்கிறது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் எழுத்து இவ்வளவு சுமக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீளம், கட்டை, பதிவு

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். அந்தக் காலத்து அளவு இன்னும் நம் காதில் இருக்கிறது. இன்றைக்கு வேறொரு அளவுகோலும் சேர்ந்திருக்கிறது. பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. என் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 84 தட்டு. முதலில் நான்கு தட்டு கொண்ட எட்டுச் சுற்று முன்னிசை வைத்திருந்தேன், அதுவே 23 விநாடி. கணக்குக்காகப் பாட்டை வெட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தப் பாட்டில் ஒருவர் வாசலில் தயங்கி நிற்கிறார், அவருக்கு முன் அவ்வளவு வாத்தியம் எதற்கு என்று தோன்றியது. இரண்டே சுற்றாக, ஆறு விநாடியாகக் குறைத்தேன். பாட்டுக்கே அது நல்லதாகப் போயிற்று.

ஒரு கட்டையில் அமைத்த மெட்டைப் பாடகிக்காக நாலரைக் கட்டைக்கு ஏற்றினோம். உச்ச வரியைத் தொடர்ந்து பத்து முறை பாடச் சொல்லுங்கள். பத்தாவது முறையும் முதல் முறை போல வந்தால் அந்தக் கட்டை சரி. எங்களுக்கு ஏழாவது முறையில் குரல் இறுகியது. அரைக் கட்டை இறக்கி நாலு கட்டையில் பதிவு செய்தோம். மேடையில் அவர் களைத்திருக்கும் நாளிலும் பாட வேண்டும் அல்லவா?

பதிவைப் பற்றிச் சுருக்கமாக: துணிகள் தொங்கும் சிறிய அறை போதும், எதிரொலி அடங்கும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். முன்னால் பாப் ஃபில்டர் என்ற காற்றுத் தடுப்பு வலை இல்லாவிட்டால் பகரம் வெடிக்கும். வரி வரியாக ஒட்டுப்போடுவதற்கு முன் முழுப்பாட்டை மூன்று முறை நிறுத்தாமல் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். உணர்ச்சி பெரும்பாலும் அவற்றில் ஒன்றில்தான் இருக்கும். மூச்சொலிகளை எல்லாம் துடைத்துவிடாதீர்கள். ‘நனைந்தால் என்ன’ என்பதற்கு முன் பாடகி எடுத்த மூச்சை மிக்ஸிங் செய்த நண்பர் நீக்கியிருந்தார். நான் கேட்டுத் திரும்ப வைத்தேன். துணிவு பிறக்கும் சத்தம் அது.

வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செம்மைப்படுத்தும் மாஸ்டரிங்கில், உரக்க ஒலிக்க வேண்டும் என்று பாட்டை நசுக்க வேண்டாம். கேட்கும் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான இலக்கு மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலி உரப்பை அளக்கும் அலகு). முடித்ததும் கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேளுங்கள். பேஸ் என்ற தாழ்ந்த ஒலிகள் காணாமல் போகும், போகட்டும். சொல் தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி.

வெளியிடுவதற்கு முன்

‘பிடித்ததா?’ என்று யாரிடமும் கேட்காதீர்கள். நம்மை நேசிப்பவர்கள் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். ‘பாட்டில் என்ன நடக்கிறது?’ என்று கேளுங்கள். கூடைக்குப் பின் நான் கற்றுக்கொண்டது இது. மறுநாள், ஏதாவது ஒரு வரியை முனகச் சொல்லுங்கள். எந்த வரியை முனகுகிறார்களோ அதுதான் உங்கள் பல்லவி, நீங்கள் நினைத்தது எதுவாக இருந்தாலும்.

உரிமையை எழுத்தில் வையுங்கள். ஒரு பாட்டில் இரண்டு சொத்து உண்டு: சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. யாருக்கு எதில் எத்தனை பங்கு என்பதைப் பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். என் மூன்றாவது பாட்டு ஒரு நிறுவனத்தின் வழியாக வெளிவந்தபோது எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கேட்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. வெளியிடும்போது ஒலிப்பதிவுக்கு 12 குறிகள் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் கிடைக்கும், அதையும் அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள்.

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தானே எழுதி 1974இல் வெளியிட்ட ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டைப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். எல்விஸின் மேலாளர் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். பார்ட்டன் மறுத்துவிட்டார். 1992இல் பாடகி விட்னி ஹியூஸ்டன் அதைப் பாடியபோது அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. உரிமை எழுதியவரிடமே இருந்தது.

வெளியான பிறகு

அதே பாட்டு எனக்கு இன்னொன்றையும் கற்றுத் தந்தது. பார்ட்டன் அதை எழுதியது காதலனுக்காக அல்ல. பல ஆண்டுகள் தன்னோடு சேர்ந்து பாடிய போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியை விட்டு விலகும்போது அவரிடம் விடைபெறுவதற்காக எழுதினார். பிரிவைச் சொல்லும் அந்தப் பாட்டை மக்கள் திருமணங்களிலும் பாடுகிறார்கள். பாட்டு வெளியே போன பிறகு அதன் கூற்றைக் கேட்பவர் மாற்றி எழுதுகிறார்.

குடைப் பாட்டு வெளியான முதல் இரண்டு வாரம் ஏறக்குறைய அமைதி. அந்த நாட்களில் எண்ணிக்கையைத் திறந்து திறந்து பார்ப்பது உடலுக்கே கேடு. அடுத்த பாட்டின் கூற்றுக் குறிப்பை எழுத உட்காருங்கள், நான் அப்படித்தான் தப்பித்தேன். பிறகு ஒருவர் இரண்டாகி, இரண்டு பத்தாகி, கேட்டவர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஒரு பெண், பல ஆண்டுகள் பேசாமலிருந்த தந்தையின் வீட்டுக்குப் போகும் வழியில் இதைக் கேட்டதாக எழுதினார். கணவரை இழந்த ஒருவர், கடைசி ‘நீ வா’ வரும்போது பாட்டை நிறுத்திவிடுவதாக எழுதினார். நான் எழுதியது ஓர் இளம் காதலின் தயக்கத்தை. இருவருக்கும் அதை விளக்கப் போகவில்லை. பெயரும் பாலும் இல்லாமல் விட்ட இடத்தில் அவர்கள் வந்து அமர்ந்திருக்கிறார்கள், நான் எதற்குக் குறுக்கே நிற்க வேண்டும்? ‘நன்றி, படித்தேன்’ என்று மட்டும் பதில் எழுதினேன்.

குறை சொல்பவர்களில் இருவகை உண்டு. ‘எனக்கு இந்த மாதிரிப் பாட்டு பிடிக்காது’ என்பதில் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ‘இரண்டாம் சரணத்தில் சொல் புரியவில்லை’ என்றால் உடனே கேட்டுப் பாருங்கள். என் பாட்டில் ‘வளைந்ததென்’ என்ற சேர்க்கை பலருக்குப் புரியவில்லை. கண்ணுக்கு அழகான சொற்புணர்ச்சி காதுக்குச் சுமை. இப்போது எழுதும் பாட்டுகளில் அதைப் பிரித்தே எழுதுகிறேன்.

மற்றவர்கள் உங்கள் பாட்டைத் தவறாகப் பாடுவதையும் கவனமாகக் கேளுங்கள். ஒருவர் தவறினால் அது அவர் தவறு. எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறினால் மெட்டு அங்கே இயல்பாகப் போக விரும்பிய வழி அது. ‘மழை விடுமா’ என்பதன் கடைசி ‘மா’வை நான் மேலே ஏற்றி வைத்திருந்தேன். பாடிக் காட்டியவர்களில் அநேகமாக எல்லோரும் அதைக் கீழே இறக்கி, தனக்குத் தானே கேட்டுக்கொள்வது போலப் பாடினார்கள். முதல் வரி எதிரில் நிற்பவரிடம் கேட்கும் கேள்வி, இரண்டாம் வரி தன்னிடமே கேட்கும் கேள்வி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாத மேடையிலிருந்து பாடகியும் அப்படியே இறக்கிப் பாடுகிறார்.